ரிப்போர்ட் நார்மல் என்றால் உடம்பும் நார்மலா?

அனோரெக்சியா (எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்கும் மனநோய்) உள்ள பிள்ளைக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தால், பல நேரம் எல்லாமே சரியாக இருக்கும். சோடியம், பொட்டாசியம், அல்புமின் என்ற ரத்தப் புரதம், எதற்குப் பக்கத்திலும் தடித்த எழுத்து இருக்காது. "ஒன்னுமில்ல, ஒழுங்கா சாப்பிடச் சொல்லுங்க" என்று அனுப்பிவிடுவார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. செல்களுக்குள் இருக்கும் சத்துகளின் இருப்பு கரைந்துகொண்டிருந்தாலும், ரத்தத்தில் அவற்றின் அளவை உடல் கடைசிவரை விட்டுக்கொடுக்காது.

கொலஸ்ட்ரால் மட்டும் சிலருக்குக் கூடியிருக்கும். அதைப் பார்த்து எண்ணெயையும் முட்டையையும் நிறுத்தச் சொல்வது, சோற்றைக் கண்டாலே பயப்படுகிற பிள்ளையின் பயத்துக்கு முத்திரை குத்துவதுதான். எடை தேறினால் பெரும்பாலும் அது தானாக இறங்கும். டி3 என்ற தைராய்டு ஹார்மோன் குறைவதும் உடல் சிக்கனம் பிடிப்பதால்தான். அதற்காகத் தைராய்டு மாத்திரை கொடுத்தால் மிச்சமிருக்கும் தசையும் கரையும். நாடி நிமிடத்துக்கு 45-க்கு இறங்கியிருப்பதும் அதே சிக்கனத்தால்தான்; அதைப் பார்த்து 'நல்ல ஃபிட்னஸ்' என்று மெச்சவும் வேண்டாம்.

சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தி எடுப்பவர்களின் கதை வேறு. எடை பல நேரம் சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் பொட்டாசியம் இயல்பின் கீழ்வரம்பான 3.5-க்கும் கீழே இறங்கி, ரத்தத்தின் காரத்தன்மையைக் காட்டும் பைகார்பனேட் ஏறியிருக்கலாம். பேதி மாத்திரையும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடம் புரளலாம்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது அவசரம். நம் ஊரில் யார் சோர்ந்து விழுந்தாலும் "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்போம். பட்டினியில் கிடந்த உடம்பில் சர்க்கரை திடீரென ஏறினால் இன்சுலின் பாயும். ரத்தத்தில் இருந்த பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றையும் செல்களுக்குள் தள்ளிவிடும். பாஸ்பேட் சரிந்தால் இதயமும் மூச்சுத் தசைகளும் தளரும். ஏற்கெனவே குறைந்திருக்கும் தயமின் (வைட்டமின் பி1) முற்றிலும் தீர்ந்துபோனால் மூளையே பாதிக்கப்படும். இரண்டாம் உலகப் போரில் முகாம்களிலிருந்து மீண்ட கைதிகள் சிலர், பட்டினியைத் தாண்டி வந்தும், சாப்பிடத் தொடங்கிய பிறகு இப்படித்தான் இறந்தார்கள்.

பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் கணக்கு) 16-க்குக் கீழே இருந்தாலோ, 10 நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவும் சாப்பிடாமல் இருந்தாலோ வீட்டில் விருந்து வைத்துத் தேற்றப் பார்க்காதீர்கள். அதற்காகப் பயந்து உணவைத் தள்ளிப்போடுவதும் கூடாது; மருத்துவமனையில், அளவாக, தினமும் ரத்தம் பார்த்துக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். சாதாரண 'எலக்ட்ரோலைட்ஸ்' (ரத்த உப்புகள்) டெஸ்டில் பாஸ்பரஸும் (பாஸ்பேட் அளவு) மெக்னீசியமும் வராது, தனியாக எழுதச் சொல்லுங்கள். டிரிப் போடுவதற்கு முன்பே எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு, தயமின் போட்டாயிற்றா என்றும் கேளுங்கள்.