எஸ்விஜி கோப்புக்குள் ஒளிந்திருந்த பிஎன்ஜி

ஆன்லைனில் அமர்த்திய டிசைனர் அனுப்பிய லோகோ திரையில் கச்சிதமாக இருந்தது. பேனர் அளவுக்குப் பெரிதாக்கியதும் விளிம்பெல்லாம் படிக்கட்டாக உடைந்தது. "வெக்டர் கோப்புதான்" என்றார் அவர்; அதாவது, கோடுகளாலும் வளைவுகளாலும் ஆன, எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத படம். கோப்பின் பெயரும் அத்தகைய படங்களுக்கான எஸ்விஜி என்றே முடிந்தது.

300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) மீண்டும் கேட்டேன், அதே மங்கல். அந்த எண்ணை மட்டும் மாற்றினால் பிக்சல் கூடிவிடாது. பிக்சல் படத்தை வெக்டராக மாற்றித்தரும், இங்க்ஸ்கேப் மென்பொருளின் டிரேஸ் பிட்மேப் வசதியோ கூரான முனைகளை மழுக்கி, வளைவுகளில் தேவையில்லாத புள்ளிகளைக் குவித்தது.

துப்பு கொடுத்தது கோப்பின் எடை. நாலைந்து வடிவங்கள் மட்டுமே உள்ள லோகோ சில கேபிதான் வர வேண்டும். இது எம்பி கணக்கில் இருந்தது. நோட்பேடில் திறந்தேன். வடிவங்களை வரையும் 'பாத்' வரி ஒன்றுகூட இல்லை. ஒரே ஒரு 'இமேஜ்' டேக், பிறகு முடிவில்லாமல் பேஸ்64 எழுத்துகள், அதாவது எழுத்துகளாக மாற்றப்பட்ட படத் தரவு. பிக்சல்களால் ஆன பிஎன்ஜி படத்துக்கு எஸ்விஜி உறை! இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் கன்ட்ரோல்+ஒய் அழுத்தினாலும் இது தெரிந்துவிடும்: வடிவங்களின் கோடுகளுக்குப் பதில் வெறும் செவ்வகம் நிற்கும்.

அந்த 'இமேஜ்' வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, பென் டூலால் வரைந்த மூலக் கோப்பு, எழுத்துகளை அவுட்லைனாக (வெக்டர் வடிவங்களாக) மாற்றிய பிரதி, ஃபான்ட்டின் பெயர், உரிம விவரம் எல்லாம் கேட்டேன். வாதம் நின்றது, சரியான கோப்பு வந்தது. அப்பாடா! கடைசித் தவணையை இந்தச் சோதனை முடிந்த பிறகே விடுவியுங்கள்.