மார்பக அழகுச் சிகிச்சை: அவசரமும் ஒளிமறைவும் கொண்டுவரும் தவறுகள்

சிலிக்கோன் ஜெல் நிரப்பிய மார்பக இம்பிளாண்டை, அதாவது மார்பகத்தைப் பெரிதாக்க உள்ளே வைக்கும் பையை, உலகில் முதன்முதலாகப் பொருத்திக்கொண்ட பெண், அதைக் கேட்டு மருத்துவமனைக்குப் போகவில்லை. 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், டிம்மி ஜீன் லிண்ட்சி என்பவர் மார்பில் குத்தியிருந்த பச்சையை நீக்கிக்கொள்ளச் சென்றிருந்தார். அங்கிருந்த தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ என்ற இரு மருத்துவர்களும் தாங்கள் புதிதாக உருவாக்கிய இம்பிளாண்டைப் பொருத்திக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார்கள். தன் காதுகளைச் சரிசெய்துகொள்வதில்தான் தனக்கு விருப்பம் என்று அவர் சொல்ல, இரண்டையும் சேர்த்தே செய்துவிடலாம் என்று பேசி முடிவானது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும், இந்தச் சிகிச்சையில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை அறுவை அரங்குக்குள் நுழைவதற்கு வெகுமுன்பே தொடங்கிவிடுகின்றன. விருப்பம் யாருடையது, அது எந்த மனநிலையில் பிறந்தது என்ற கேள்விகளை யாரும் கேட்பதில்லை.

மன அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது சிகிச்சைக்குத் தேதி குறிப்பதே முதல் தவறு. மணமுறிவு, காதல் தோல்வி, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு, கணவரோ உறவினரோ உடலைப் பற்றிச் சொன்ன ஒரு கேலிச் சொல் ஆகியவற்றுக்குப் பிறகு பலர் மருத்துவரைத் தேடி வருகிறார்கள். திருமணத்துக்கு இரண்டு மாதங்கள் இருக்கின்றன, அதற்குள் முடித்துவிட முடியுமா என்று கேட்டு வருபவர்களும் உண்டு. இம்பிளாண்ட் வைத்த மார்பகம் முதல் சில வாரங்கள் மேலேறியும் இறுக்கமாகவும் வீங்கியும் இருக்கும். அது இறங்கித் தன் இடத்தில் அமைய ஏறக்குறைய 3 மாதங்கள் ஆகும், வடு மங்குவதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். ஆகவே முகூர்த்த நாளை வைத்துச் சிகிச்சை நாளைக் கணக்கிடுபவர், மணமேடையில் வீக்கத்துடனும் வலியுடனும் உட்கார நேரிடும். பிரசவமானவர்களைப் பொறுத்தவரை, தாய்ப்பால் கொடுப்பதை முழுவதும் நிறுத்திய பிறகு குறைந்தது 3 முதல் 6 மாதங்களாவது கழிந்தால்தான் மார்பகம் தன் நிலையான அளவுக்கும் வடிவத்துக்கும் திரும்பும். அதற்கு முன்பு எடுக்கும் அளவு, மாறிக்கொண்டிருக்கும் ஒன்றின் அளவுதான். அடுத்த குழந்தைக்குத் திட்டமிட்டிருப்பவர்களும் எடையைக் குறைத்துக்கொண்டிருப்பவர்களும் காத்திருப்பதே நல்லது.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2006இல் சிலிக்கோன் ஜெல் இம்பிளாண்டுகளுக்கு மீண்டும் அனுமதி அளித்தபோது, அழகுக்காகப் பெரிதாக்கிக்கொள்ள 22 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று வரம்பு விதித்தது. உப்புநீர் நிரப்பிய வகைக்கு அந்த வரம்பு 18. உடல் வளர்ச்சி நிறைவடைய வேண்டும் என்பதோடு, இவ்வளவு நீண்ட விளைவுள்ள முடிவைத் தாங்கும் முதிர்ச்சியும் வேண்டும் என்பதை நாம் இதனுடன் சேர்த்துக்கொள்ளலாம்.

மனநிலை பற்றி இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிறர் கண்ணுக்குப் புலப்படாத, அல்லது மிகச் சிறியதான ஒரு குறையைப் பற்றி நாள்தோறும் பல மணிநேரம் வருந்துவது, கண்ணாடியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது அல்லது அதை அறவே தவிர்ப்பது, ஒரு சிகிச்சை முடிந்ததும் அடுத்த குறையைக் கண்டுபிடிப்பது ஆகியவை உடல் உருவம் குறித்த ஒரு மனநலக் கோளாறின் அறிகுறிகள். அதற்கு அறுவை சிகிச்சை மருந்தாவதில்லை. பெரும்பாலும் மனம் அதே இடத்தில் நின்றுவிடுகிறது, சில வேளைகளில் இன்னும் மோசமாகிறது. அழகுக்காக இம்பிளாண்ட் வைத்துக்கொண்ட ஸ்வீடன் நாட்டுப் பெண்களிடையே தற்கொலை எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்ததை 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இம்பிளாண்ட்தான் அதற்குக் காரணம் என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது. ஏற்கெனவே துயரத்தில் இருந்த சிலர் அந்தத் துயரத்துடனேயே அறுவை மேசைக்கு வந்திருக்கலாம். எப்படியானாலும், மனநல ஆலோசகரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லும் பிளாஸ்டிக் சர்ஜனிடம் கோபித்துக்கொண்டு வேறு கிளினிக்கைத் தேடிப் போவது பெரும் தவறு. அப்படிச் சொல்பவரே நம்பத் தகுந்தவர்.

மருத்துவரைத் தேர்ந்தெடுப்பதில் ஏமாறுபவர்கள் நம் ஊரில் ஏராளம். எம்.பி.பி.எஸ்., அதன்பின் பொது அறுவை சிகிச்சையில் மேற்படிப்பு, அதற்கும் மேல் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. (இப்போது டி.ஆர்.என்.பி.) பட்டம் என்பதே இந்தியாவில் இத்துறைக்கான வழக்கமான பயிற்சிப் பாதை. குறுகிய கால அழகியல் சான்றிதழுடன் கத்தி எடுப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால், மருத்துவரின் பதிவு எண்ணை மருத்துவ கவுன்சில் பதிவேட்டில் சரிபார்ப்பதை அவமரியாதை என்று நினைக்க வேண்டியதில்லை. மயக்க மருந்து நிபுணர் யார், அவசரம் நேர்ந்தால் இரத்தம் ஏற்றவும் தீவிர சிகிச்சை அளிக்கவும் வசதி உண்டா, சிகிச்சைக்குப் பின் இரவில் யாரை அழைப்பது என்ற கேள்விகளுக்குத் தெளிவான பதில் கிடைக்காத இடத்தில் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் படுக்கக் கூடாது. மார்பகத்தைப் பெரிதாக்குவதாக விளம்பரப்படுத்தப்படும் கிரீம், மாத்திரை, எண்ணெய் எதற்கும் நம்பத்தக்க சான்று கிடையாது. திரவ சிலிக்கோனை ஊசியாகப் போட்டுக்கொள்வது கட்டிகளையும் புண்களையும் உருவச் சிதைவையும் உண்டாக்கக்கூடிய ஆபத்து.

ஒருமுறை செய்துகொண்டால் ஆயுளுக்கும் போதும் என்று நம்புவதும் பரவலான தவறு. இம்பிளாண்ட் ஆயுட்காலப் பொருள் அல்ல என்பதை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. 2021இல் அது மிகக் கடுமையான எச்சரிக்கை வாசகத்தையும், சம்மதிப்பதற்கு முன் நோயாளி படித்துக் கையொப்பமிட வேண்டிய பட்டியலையும் கட்டாயமாக்கியது. உடல் இம்பிளாண்டைச் சுற்றி ஒரு நார்த்திசு உறையை உருவாக்குகிறது. சிலரிடம் அந்த உறை சுருங்கி இறுகி, மார்பகம் கடினமாகி வலிக்கும், மறு அறுவையும் தேவைப்படும். பிரான்சின் பி.ஐ.பி. நிறுவனம் மருத்துவத் தரமற்ற, தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான சிலிக்கோனை நிரப்பி விற்றது 2010இல் அம்பலமானபோது, பல நாடுகளில் லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் உடலுக்குள் இருப்பது எந்த நிறுவனத்தின் பொருள் என்று தேடி அலைந்தார்கள். அதன் நிறுவனர் ஷான்-குளோட் மாஸுக்கு 2013இல் நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நிறுவனப் பெயர், வகை, அளவு, வரிசை எண் ஆகியவை அடங்கிய அட்டையைக் கேட்டு வாங்காமல் மருத்துவமனையை விட்டு வெளியே வருவது எவ்வளவு பெரிய பிழை என்பது அப்போதுதான் பலருக்குப் புரிந்தது.

இனி ஒளிமறைவுக்கு வருவோம். நம் சூழலில் இந்தச் சிகிச்சையின் ஆபத்தைப் பெருக்குவது இதுதான் என்று நினைக்கிறேன். யாருக்கும் தெரியக் கூடாது என்ற எண்ணத்தில், தோழி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்து சிகிச்சை செய்துகொண்டு, மறுநாளே வீட்டில் வழக்கம்போல் நடமாட முயல்பவர்கள் இருக்கிறார்கள். சில வாரங்களுக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்ற நிலையில், காரணம் சொல்ல முடியாமல் தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிறார்கள், குழந்தையை இடுப்பில் வைக்கிறார்கள், பரணிலிருந்து பாத்திரம் எடுக்கிறார்கள். உள்ளே இரத்தம் கசிவதற்கும் தையல் விலகுவதற்கும் இவை போதும். ஊரெல்லாம் அறிய வேண்டியதில்லை. ஆனால் முதல் ஒரு வாரம் உடனிருந்து பார்த்துக்கொள்ள, முழு உண்மையும் தெரிந்த ஒருவராவது வேண்டும். அப்படி ஒருவரும் கிடைக்காவிட்டால், சிகிச்சையைத் தள்ளிப்போட அதுவே தக்க காரணம்.

மருத்துவரிடமே மறைப்பது இதைவிட மோசமானது. சிகரெட், வேப் எனும் மின்சிகரெட், புகையிலை மெல்லும் பழக்கம் எதுவானாலும் நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, தோலுக்கும் முலைக்காம்புக்கும் போகும் இரத்தத்தைக் குறைக்கிறது. குறிப்பாக மார்பகக் குறைப்பிலும் தொய்வு நீக்கும் சிகிச்சையிலும் இதனால் திசு அழுகிப்போகக்கூடும் என்பதால், முன்னும் பின்னும் குறைந்தது 4 வாரங்கள் நிறுத்தச் சொல்கிறார்கள். நிகோடின் சூயிங்கமும் இதில் அடங்கும். ஆஸ்பிரின், சில வலிநிவாரணிகள், வைட்டமின் ஈ, மீன் எண்ணெய் மாத்திரை போன்றவை இரத்தம் உறைவதைப் பாதிக்கலாம். நாட்டு மருந்துதானே, சூரணம்தானே என்று சொல்லாமல் விடுவதும் தவறு. கருத்தடை மாத்திரை இரத்தக் கட்டி உருவாகும் வாய்ப்பைக் கூட்டுவதால் அதையும் குறிப்பிட வேண்டும். மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் வெட்கப்பட்டு அதை மறைப்பதும், சிகிச்சைக்கு முன் தாங்களாகவே திடீரென நிறுத்துவதும் இரட்டை ஆபத்து. எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மன அழுத்தத்தை வெறும் மனம் சார்ந்த செய்தியாக ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசரும் உடன் ஆய்வாளர்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், மறதி நோயுள்ள உறவினரைப் பராமரித்துவந்த பெண்களுக்குத் தோலில் உண்டாக்கப்பட்ட சிறு காயம் ஆற, மற்றவர்களைவிடச் சராசரியாக 9 நாட்கள் கூடுதலாக ஆயின. 1998இல் வெளியான மற்றொரு ஆய்வில், பல் மருத்துவ மாணவர்களின் வாய்க்குள் ஏற்படுத்திய காயம் விடுமுறைக் காலத்தைவிடத் தேர்வுக் காலத்தில் ஆற 40 சதவீதம் அதிக நேரம் எடுத்தது. இவை மார்பக அறுவை பற்றிய ஆய்வுகள் அல்ல, காயங்களும் மிகச் சிறியவை. என்றாலும் கார்டிசால் போன்ற அழுத்தச் சுரப்புகள் நோயெதிர்ப்புச் செயல்களை அடக்கி, காயம் ஆறுவதைத் தாமதப்படுத்துகின்றன என்ற அடிப்படை இங்கும் பொருந்தும். அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதத்திலோ, வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் இருக்கும்போதோ அறுவையை வைத்துக்கொள்ளாமல் இருப்பது அழுத்த மேலாண்மையின் முதல் படி. கடும் அழுத்தத்துக்கும் அறுவைக்கும் பிறகு இரண்டு மூன்று மாதங்கள் கழித்து முடி கொட்டுவதும் உண்டு. அது பெரும்பாலும் தானாகவே சரியாகும்.

அழுத்தத்தைக் குறைக்கிறோம் என்று செய்யும் சில காரியங்களே தவறாகிவிடுவது வேடிக்கைதான். தூக்கம் வரவில்லை என்று கடையில் வாங்கிய மாத்திரையை வலிநிவாரணியுடன் சேர்த்து விழுங்குவது மூச்சையே பாதிக்கலாம். யோகா நல்லது என்பதற்காக முதல் வாரத்திலேயே புஜங்காசனத்தையும் சூரிய நமஸ்காரத்தையும் தொடங்கினால், மார்புத் தசைகள் இழுபட்டுத் தையல் பாதிக்கப்படும். அந்த நாட்களுக்கு மெதுவான ஆழ்ந்த மூச்சும், வீட்டுக்குள் சிறிது சிறிதாக நடப்பதும் போதும். நடப்பது கால்களில் இரத்தம் உறைவதையும் தடுக்கும். சிகிச்சை முடிந்த சில நாட்களில், வலியும் வீக்கமும் மருந்தின் சோர்வும் சேர்ந்து, ஏன் இதைச் செய்துகொண்டோம் என்ற வருத்தமும் அழுகையும் பலருக்கு வருகிறது. அப்போது கைப்பேசியில் மற்றவர்களின் முன்-பின் படங்களோடு தன்னை ஒப்பிடுவதைப் போல் மனத்தைக் கெடுப்பது வேறில்லை. இந்த வருத்தம் சில வாரங்களில் விலகாவிட்டாலோ, வாழ வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தாலோ தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி இறுகுவது, காய்ச்சல், காயத்தில் சீழ், கெண்டைக்காலில் வலியுடன் வீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவற்றை மனப் பதற்றம் என்று ஒதுக்கக் கூடாது; இவை உடனடியாக மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்.

மார்பகக் குறைப்பில் நேரும் தவறு நேர்மாறானது, தேவைப்படுபவர்கள்தான் தயங்குகிறார்கள். மார்பகத்தின் அளவுக்கு மீறிய எடையால் கழுத்து, தோள், முதுகு வலியும், மார்பகத்தின் அடியில் ஆறாத தோல் புண்ணும், வெளியே நடமாடக் கூச்சமும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் அழுத்தம் தருபவை. 2018இல் தமிழ்நாடு அரசு சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மார்பகச் சிகிச்சையை ஏழைகளுக்கு இலவசமாக அளிக்க முன்வந்தபோது, அழகுக்கு அரசுப் பணமா என்று விமர்சனம் எழுந்தது. இந்த வலியை அறிந்தவர்கள் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். குறைப்புக்குப் பிறகு தாய்ப்பால் சுரப்பும் முலைக்காம்பின் உணர்வும் குறையக்கூடும் என்பதை மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். ஆண்களின் மார்பக வீக்கமும் இவ்வாறே மறைக்கப்படுகிறது. வளரிளம் பருவத்தில் வருவது பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானாக வடிந்துவிடும் என்பதால் பையனை அவசரமாக அறுவைக்கு அழைத்துச் செல்ல வேண்டியதில்லை. ஜிம்மில் எடுக்கும் ஸ்டீராய்டை நிறுத்தாமல் அறுவை செய்துகொண்டால் வீக்கம் திரும்பி வரலாம்.

எல்லாம் நலமாக முடிந்து சில ஆண்டுகள் கழித்துச் செய்யும் தவறு, மறந்துவிடுவது. சிலிக்கோன் இம்பிளாண்ட் வெளியே தெரியாமலேயே கிழியக்கூடும் என்பதால், 5 அல்லது 6 ஆண்டுகள் கழித்து அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ எடுத்து, அதன்பின் 2, 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளும்படி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பரிந்துரைக்கிறது. மேற்பரப்பு சொரசொரப்பான இம்பிளாண்டுகளைச் சுற்றி அரிதாக ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் வருவதை உலக சுகாதார நிறுவனம் 2016இல் ஏற்றுக்கொண்டது. 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகை இம்பிளாண்டுகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. அறிகுறி ஏதும் இல்லாதவர்கள் பயந்துபோய் அவற்றை எடுத்துவிட வேண்டும் என்று அந்த நிர்வாகம் சொல்லவில்லை. ஆனால் ஆண்டுகள் கழித்து ஒரு மார்பகம் காரணமின்றி வீங்கினால், அதற்குள் சேர்ந்துள்ள நீரைப் பரிசோதிக்க வேண்டும். மேமோகிராம் எடுக்கும்போதும் இம்பிளாண்ட் இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதைப் பின்னுக்குத் தள்ளி, திசுவை முன்னால் இழுத்துக் கூடுதல் படங்கள் எடுக்கத் தனி முறை இருக்கிறது. சொல்லாமல் விட்டால், இம்பிளாண்டின் நிழலுக்குப் பின்னால் ஒரு சிறு கட்டி தென்படாமலேயே போய்விடலாம்.