தண்ணிக்குள்ளே போவது சாகாது, மேலே இருப்பதுதான் சாகும்: ஐஸ் மீன்பிடிக் கெமரா வாங்கப் போகும் மலையகத்துப் பிள்ளைகளுக்கு

கனடாவிலிருந்து லீவுக்கு நோர்வூட் வந்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிற தம்பிமார் கேட்பது ரெண்டே விஷயம்தான். ஒன்று விசா. அதற்கு, ஏஜென்சிக்காரனை நம்பிக் காசு கட்டாதீர்கள் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. மற்றது நான் போனில் காட்டிய வீடியோ: உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு, வயரில் கெமராவை இறக்கி, கீழே மீன் தூண்டில் பக்கம் வந்து மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதைத் திரையில் பார்க்கிறோமே, அது. "அண்ணே, அங்க வந்ததும் எந்தக் கெமரா வாங்கணும்?" தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதியே விடுகிறேன். நான் இருப்பது ஒன்டாரியோ மாகாணம், சொல்வதெல்லாம் அந்தப் பக்கத்துக் கதை.

முதலில் சட்டத்தை முடித்துவிடுவோம். காசல்ரீ கரையில் யாரையும் கேட்காமல் தூண்டில் போட்டு வளர்ந்தவர்கள் நாம், அங்கே அது நடக்காது. 18 வயதிலிருந்து 64 வரை உள்ளவர்களுக்கு அவுட்டோர்ஸ் கார்ட் என்று ஓர் அட்டையும் அதோடு மீன்பிடி லைசன்ஸும் வேண்டும். ஒரு நாள் லைசன்ஸ் மட்டும் எடுத்தால் அட்டை தேவையில்லை, புதிதாக வந்தவர்களுக்கு அதுவே போதும். ஒன்டாரியோவில் தொடர்ந்து ஆறு மாதம் வசித்திருந்தால்தான் மாகாணத்தவர் கட்டணம், இல்லாவிட்டால் கூடுதலாகக் கட்ட வேண்டும், கவுன்டரில் நின்று சண்டை பிடித்துப் பயனில்லை. ஐஸில் பெரும்பாலான இடங்களில் ஆளுக்கு ரெண்டு தூண்டில் போடலாம், ஆனால் போட்ட தூண்டிலிலிருந்து 60 மீட்டருக்குள் அது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நிற்க வேண்டும். தளம் 7 சதுர மீட்டருக்குள் அடங்குகிற துணிக்கூடாரத்துக்குப் பதிவு இல்லை, அதைவிடப் பெரிதென்றால் உண்டு. நடந்து போவதற்கு ஐஸ் குறைந்தது 10 சென்டிமீட்டர் கனம் இருக்க வேண்டும், அதுவும் தெளிவான நீல ஐஸ். பால் வெள்ளையாக இருக்கிற ஐஸுக்குப் பலம் பாதிதான், அதில் ரெட்டிப்புக் கனம் பாருங்கள். ஐஸ் நன்றாக இருக்கு என்று பக்கத்தில் நிற்கிறவன் சொன்னதை நம்பி எட்டு வைக்காதீர்கள். மீன் அளவு, எண்ணிக்கை, இரை பற்றிய விதிகள் ஏரிக்கு ஏரி மாறும், மாகாண அரசு வருடா வருடம் வெளியிடுகிற விதிச் சுருக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கெமராவுக்கு வருவோம்.

நம்மவர்களிடம் ஒரு பெருமை உண்டு, எனக்கும் உண்டு. கொழும்புக்காரன் நுவரெலியாவுக்கு வந்து நடுங்கும்போது நாம் சிரிப்போம். ஜனவரி, பெப்ரவரியில் விடியற்காலைப் பனியில் கொழுந்து கருகிப்போவதைப் பார்த்தவர்கள், கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெரட்டுக்குப் போன அம்மாவைப் பார்த்து வளர்ந்தவர்கள். அதனால் குளிர் என்றால் என்னவென்று நமக்குத் தெரியும் என்ற நினைப்போடுதான் விமானம் ஏறுகிறோம். நுவரெலியாவில் பூச்சியத்தைத் தொட்டாலே பத்திரிகையில் செய்தி வரும். ஒன்டாரியோவில் நாங்கள் மீன் பிடிக்கப் போகிற சிம்கோ ஏரியில் நடுப்பகலில் −15 என்றால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதுகூட இல்லை. உடம்பு எப்படியோ சமாளித்துக்கொள்ளும், நாலு உடுப்பு மேலே போட்டால் போயிற்று. பெட்டரி அப்படிச் சமாளிக்காது.

என் கூட்டாளி ஒருவன், பொகவந்தலாவைப் பக்கம், ஸ்காபரோவில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை. நவம்பர் கடைசியில் அங்கே பெரிய மலிவு விற்பனை வரும், அதில் ஒன்லைனில் ஒரு கெமரா எடுத்தான். ஏழு அங்குலத் திரை, கெமராவைச் சுற்றி லைட், பெட்டியின் முகப்பில் கொட்டை எழுத்தில் −30 பாகை. மனுஷன் சந்தோஷத்தில் அன்றைக்கே எனக்குப் படம் அனுப்பினான். ஆனால் சிம்கோவில் ஆள் நடக்கிற அளவுக்கு ஐஸ் இறுக வழக்கமாக ஜனவரி ஆகிவிடும். அதுவரை பெட்டி கட்டிலுக்கு அடியில்.

போன அன்று −18. முதல் அரை மணி நேரம் அருமை. மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு போட்ட பெர்ச் மீன்கள் கூட்டமாக வந்து தூண்டிலைச் சுற்றுவது தெளிவாகத் தெரிந்தது. அப்புறம் திரை மந்தமாகிவிட்டது. மீன் இந்தப் பக்கம் போன பிறகும் அதன் நிழல் அந்தப் பக்கம் இழுபட்டுக்கொண்டு கிடந்தது. திரைக்குள் இருக்கிற திரவப் படிகம் குளிரில் மெதுவாகத்தான் அசையும், அதுதான் காரணம். கொஞ்ச நேரத்தில் பெட்டரிக் கட்டம் மூன்றிலிருந்து நேராகப் பூச்சியம், திரை கறுப்பு. இவன் என்ன செய்தான், காலையிலிருந்து நிறுத்தி வைத்து உள்ளேயும் உறைந்து கிடந்த காருக்குப் போய், அந்தக் குளிரிலேயே சார்ஜரில் சொருகிவிட்டான். பச்சை லைட்டும் எரிந்தது. அதோடு பெட்டரியின் கதை முடிந்தது.

லித்தியம் அயன் பெட்டரியைப் பூச்சியத்துக்குக் கீழே சார்ஜ் பண்ணினால் உள்ளே லித்தியம் போக வேண்டிய இடத்துக்குள் போகாமல் மேலே உலோகமாகப் படிந்துவிடும். அது திரும்ப வராது. அதற்குப் பிறகு வீட்டில் எவ்வளவு நேரம் போட்டாலும் பத்து நிமிஷம்தான் தாங்கியது. ஒரு நாள் பார்த்தால் திரையின் பின்மூடி ஒரு மூலையில் எழும்பி நிற்கிறது, நகம் நுழைகிற இடைவெளி. பெட்டரி உப்பிவிட்டது. (உப்பின பெட்டரியை அமுக்கிப் பார்க்காதீர்கள், குப்பையில் போடாதீர்கள். அபாயக் கழிவு எடுக்கிற நகரசபை நிலையத்தில் கொடுங்கள்.)

விற்றவனுக்கு எழுதினான். பதிலுக்குக் கையேட்டில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார்கள், எறும்பு எழுத்தில் ஓர் அட்டவணை. கெமராத் தலை: −30 முதல் 50 வரை. திரை: 0 முதல் 45 வரை. சார்ஜ்: 0 முதல் 45 வரை. இந்த எல்லைக்கு வெளியே பாவித்தால் உத்தரவாதம் இல்லையாம். திருப்பிக் கொடுக்கலாமா என்றால் கைக்குக் கிடைத்து 30 நாளுக்குள் மட்டுமாம். நவம்பரில் வாங்கியவனுக்கு அந்த 30 நாளும் ஏரி உறைவதற்கு முன்பே முடிந்துவிட்டது!

எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். தண்ணீருக்குள் −30 எங்கே இருக்கிறது? பூச்சியத்துக்குக் கீழே போனால் ஏரித் தண்ணீர் ஐஸ் ஆகிவிடும். தண்ணீர் 4 பாகையில்தான் அதிகக் கனமாக இருக்கும், அதனால் அந்தத் தண்ணீர் அடியில் போய்த் தங்கும், மேலே போகப் போகக் குளிரும், உச்சியில் ஐஸ். மீன்கள் குளிர்காலம் முழுக்க உயிரோடு கிடப்பதே அதனால்தான். ஆக, கீழே இறங்குகிற கெமராத் தலைதான் அந்த ஏரியிலேயே சூடான இடத்தில் இருக்கிறது. அதற்கு −30 என்று பெட்டியில் அடித்துவிட்டு, ஐஸ் மேலே காற்றில் கிடந்து சாகப் போகிற திரைக்கும் பெட்டரிக்கும் பூச்சியம் என்று உள்ளே சின்னதாகப் போட்டிருக்கிறான். வாங்குகிற நாமும் லைட் எத்தனை, தண்ணி புகாதா என்று தண்ணிக்குள் போவதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம்.

ஆகவே காசு கட்டுவதற்கு முன்பு கையேட்டை இறக்கிப் படியுங்கள். திரை இயங்கும் வெப்பநிலை, சார்ஜ் ஏற்றும் வெப்பநிலை, இந்த ரெண்டும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். எழுதாதவனிடம் வாங்காதீர்கள். சேமித்து வைக்கும் வெப்பநிலை என்று இன்னொரு வரி இருக்கும், அது −20 என்று காட்டினால் மயங்க வேண்டாம், அது அணைத்து வைத்திருக்கும்போதுதான்.

திரைக்குள்ளேயே பெட்டரி வைத்துத் தைத்த மாதிரிகளைவிட, வெளியே 12 வோல்ட் பெட்டரி கொடுக்கிற மாதிரி எனக்குப் பிடிக்கும். ஈய அமிலப் பெட்டரி பாரம்தான், குளிரில் அதன் கொள்ளளவும் குறையும், ஆனால் விலை மலிவு, செத்தால் வேறொன்று மாட்டலாம். லித்தியம் அயர்ன் பொஸ்பேட் பாரம் இல்லை, குளிரில் கரண்டைக் கொடுக்கும், ஆனால் பூச்சியத்துக்குக் கீழே சார்ஜ் பண்ணக் கூடாது என்பது அதற்கும் பொருந்தும். எதுவானாலும் வீட்டுக்குக் கொண்டுவந்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு சார்ஜ் பண்ணுங்கள்.

இன்னொன்று, வாங்கினால் கட்டிலுக்கு அடியில் தள்ளாதீர்கள், திருப்பிக் கொடுக்கிற காலம் முடிவதற்குள் வீட்டிலேயே சோதித்துவிடுங்கள். வீட்டு டீப் ஃப்ரீசர் சுமார் −18தான், அதாவது என் கூட்டாளி போன நாளின் குளிர். −20 வரை வேலை செய்யும் என்று எழுதிக்கொடுத்த திரை என்றால், முழுச் சார்ஜோடு ஓடவிட்டு, காற்றுப் போகாத பிளாஸ்டிக் பைக்குள் போட்டு ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்க வேண்டாம், அறைச் சூடு வரும்வரை அப்படியே விட்டால்தான் உள்ளே ஈரம் கோக்காது. கெமராத் தலையைக் குளிக்கிற தொட்டியில் ஓர் இரவு போடுங்கள். வீட்டில் ஏசுவார்கள்தான். என் மனைவி கோழி இறைச்சிக்கு நடுவில் திரையைப் பார்த்துவிட்டுப் பேசிய பேச்சு இங்கே எழுத முடியாது.

மற்றவை அவ்வளவு சிக்கல் இல்லை. தண்ணீர் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டுகிற ஐ.பி. எண் ஒன்று இருக்கும். ஐ.பி. 67 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் என்றுதான் அர்த்தம், அது மழைக்குச் சரி, ஏரிக்குச் சரிவராது. ஐ.பி. 68 என்றால் எத்தனை மீட்டர் என்று தயாரித்தவன் சொல்லியிருக்க வேண்டும், அதைத் தேடுங்கள். வயரை அடிக்கணக்கில் விற்பார்கள். பெர்ச்சுக்கு 50 அடி தாராளம். லேக் ட்ரவுட், வைட்ஃபிஷ் என்று ஆழத்துக்குப் போகிறவர்கள் 100 அடிக்குக் குறையாமல் எடுங்கள், சிம்கோவின் ஆகக் கூடிய ஆழம் 41 மீட்டர். மலிவு வயர் குளிரில் பிரம்பு மாதிரி விறைத்துவிடும், சுருட்டும்போது இழுத்து மடிக்காமல் பெரிய வளையமாகச் சுற்றுங்கள். கெமராவுக்குத் தனி ஓட்டை போடுங்கள், தூண்டில் ஓட்டையிலேயே இறக்கினால் மீன் சிக்கியதும் தூண்டில் நரம்பும் கெமரா வயரும் பின்னிக்கொள்ளும்.

லைட் எத்தனை என்று எண்ணி மயங்க வேண்டாம். கலங்கின தண்ணீரில் வெள்ளை லைட் போட்டால் தூசியில் பட்டுத் திரும்பி வந்து திரை முழுக்க வெண்புள்ளியாகிவிடும். அகச்சிவப்பு லைட்டில் நிறம் தெரியாது, தண்ணீர் அதைச் சீக்கிரமே உறிஞ்சிவிடுவதால் தூரமும் போகாது. 1990களில் வரிக்குதிரைச் சிப்பிகள் வந்து வடிகட்டத் தொடங்கியதிலிருந்து சிம்கோ தண்ணீர் தெளிந்துதான் கிடக்கிறது, ஐஸ் மேல் தடிப்பாகப் பனி மூடியிராத பகலில் லைட்டே வேண்டாம். வைஃபையில் போனுக்குப் படம் அனுப்புகிற கெமரா பற்றியும் கேட்டீர்கள். வைஃபை அலை தண்ணீருக்குள் போகாது, அதனால் அதற்கும் மேலே வரை வயர் இருக்கும், மேலே மிதக்கிற பெட்டி ஓட்டையோடு சேர்ந்து உறையும், போன் குளிரில் அணையும், கையுறையோடு போனைத் தொடவும் முடியாது. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

கூடாரத்துக்குள் ஹீட்டர் போட்டால் திரைக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. ஆனால் லயத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்பெரித்துப் பழகிய நாம் இதில் கவனமாக இருக்க வேண்டும், காற்று வழியைத் திறந்தே வையுங்கள், கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை.

என்னைக் கேட்டால் முதல் வருஷம் வாங்கவே வேண்டாம். கெஸ்விக், ஜோர்ஜினா பக்கம் குடிசையை நாள் வாடகைக்குக் கொடுத்து, ஐஸ் மேல் கூட்டிக்கொண்டு போய் விடுகிறார்கள். பக்கத்துக் குடிசைக்காரனிடம் கெமரா இருந்தால் எட்டிப் பாருங்கள், பெரும்பாலும் நல்ல மனுஷர்கள், காட்டுவார்கள். நாம் கொண்டுபோன ரொட்டியும் கட்டைச் சம்பலும் ஒரு துண்டு கொடுத்தால் வயரை உங்கள் கையிலேயே தந்துவிடுவார்கள். சம்பல் கொடுக்கும்போது முன்கூட்டியே எச்சரியுங்கள்.

லீவுக்கு ஊருக்குக் கொண்டுவரலாமா என்று கேட்டவர்களுக்கு: கழற்றிய லித்தியம் பெட்டரியைப் பெரிய பெட்டியில் போடக் கூடாது, கையில்தான் கொண்டுவர வேண்டும். 100 வாட் மணிக்கு மேல் என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், 160க்கு மேல் ஏற்றவே மாட்டார்கள். 12.8 வோல்ட், 10 ஆம்பியர் மணிப் பெட்டரி 128 வரும், கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், மவுசாகலையில் கெமராவை இறக்கினால் தண்ணீருக்குள் மூழ்கின பழைய மஸ்கெலியாக் கோயில் தெரியுமா என்று கேட்ட தம்பிக்கு: மழை நாளில் மலை மண் இறங்கிக் கலங்கின தண்ணீரில் உன் கையே தெரியாது. வெயில் காலத்தில் தண்ணீர் நன்றாக வற்றினால் கோயில் தானாகவே வெளியே வந்து நிற்கும், சப்பாத்தைக் கழற்றிவிட்டு நடந்து போய்ப் பார், காசு மிச்சம்.