சக்கர நாற்காலியில் போய் ஸ்லீப் ஆப்னியா சிகிச்சை தொடங்க: கதவு அகலம் முதல் மாஸ்க் வரை

ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூங்கும்போது மூச்சு அடிக்கடி நின்றுபோகும் நோய், இருக்கிறதா என்று பார்க்கும் தூக்கப் பரிசோதனைக்குத் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து சேலத்துக்கோ பெங்களூருக்கோ போக நேரலாம். ஸ்லீப் லேப் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் இல்லை என்று அங்கே போய்த் தெரிந்துகொண்டால் ஒரு நாளும் வண்டி வாடகையும் போச்சு. அதனால் முதலில் டேப்பை எடுங்கள். நாற்காலியின் அகலத்தைச் சீட்டில் அளக்காதீர்கள். கையால் தள்ளும் வளையத்தின் வெளி விளிம்பிலிருந்து மறு பக்க விளிம்பு வரை அளக்க வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போன் செய்து, அறைக்கதவும் கழிவறைக்கதவும் எத்தனை அங்குலம், கட்டிலை ஏற்றி இறக்க முடியுமா, இரவு ஒருவர் துணைக்குத் தங்கலாமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். டெக்னீஷியன் பக்கத்து அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்; புரட்டிப் படுக்க வைப்பதும் சிறுநீர்ப் பையைக் காலி செய்வதும் உங்கள் ஆள் செய்ய வேண்டிய வேலை.

வீட்டிலேயே கருவி மாட்டிச் செய்யும் பரிசோதனையும் உண்டு. ஆனால் தசைச் சிதைவு போன்ற நோயால் நாற்காலிக்கு வந்தவருக்கு அது பெரும்பாலும் போதாது. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்குகிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கும். மாஸ்க் வழியே ஒரே அழுத்தத்தில் காற்றுத் தரும் சிபாப் மெஷினுக்குப் பதில், மூச்சை இழுக்கும்போது அதிகமாகவும் விடும்போது குறைவாகவும் அழுத்தம் தரும் பைபாப் தேவைப்படலாம். காலையில் எழும்போதே தலைவலி, மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறல் இருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். டாக்டரைக் கேட்காமல் ஆக்சிஜன் சிலிண்டரை வைத்துச் சமாளிக்கப் பார்ப்பது ஆபத்து. மூச்சுத் தசை தளர்ந்தவருக்கு அதனாலேயே கார்பன் டை ஆக்சைடு ஏறலாம்.

108 அவசரத்துக்கு மட்டும்தான். இந்தப் பயணத்துக்குக் கார்தான் வசதி. டிக்கியில் கேஸ் டேங்க் இருந்தால் மடித்த நாற்காலிகூட நுழையாது, வண்டி பேசும்போதே கேளுங்கள். ஏற்றும்போது நாற்காலியைக் கார் சீட்டுக்குச் சற்றுச் சாய்வாக ஒட்டி நிறுத்தி, இரண்டு பிரேக்கையும் போட்டு, கால் பலகையைக் கழற்றி, கார் பக்கத்துக் கைப்பிடியையும் எடுத்துவிட்டு நகர்த்துங்கள். படியில் நாற்காலியோடு தூக்க நேர்ந்தால் இரும்புச் சட்டத்தைப் பிடிக்க வேண்டும். கழற்றும் கைப்பிடியைப் பிடித்தால் அது கையோடு வந்துவிடும், ஆள் கீழே. சறுக்கில் இறங்கும்போது பின்புறமாக இறக்குங்கள்.

சேலம் போகிறவர்கள் தொப்பூர் கணவாயை நினைவில் வைக்க வேண்டும். பிரேக் பிடிக்கப் பிடிக்க, இடுப்புக்கு மேல் பிடிமானம் இல்லாதவர் முன்னால் சரிவார். முன் சீட்டில் உட்கார வைத்து, சாய்மானத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, பெல்ட் போடுங்கள். உணர்ச்சி இல்லாத இடத்தில் படுக்கைப்புண் வராமலிருக்க அரை மணிக்கு ஒருமுறை இடமும் வலமும் சாய்த்து, ஒவ்வொரு பக்கமும் ஒன்றிரண்டு நிமிடம் பிடியுங்கள்.

பரிசோதனை அன்று தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் போகவும். எண்ணெய்த் தலையில் எலெக்ட்ரோடு எனும் ஒயர்முனை ஒட்டாது, பாதி இரவில் கழன்று விழும். ஒரு விரலிலாவது நகப்பூச்சோ மருதாணியோ இல்லாமல் இருக்கட்டும். மதியத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம்; பகல் தூக்கமும் வேண்டாம். வழக்கமான மாத்திரைகளை நிறுத்தாதீர்கள், பட்டியலாக எழுதிக் கொண்டுபோங்கள்.

ரிப்போர்ட்டில் ஏ.எச்.ஐ. என்ற எண்ணைப் பாருங்கள்: ஒரு மணி நேரத்தில் சராசரியாக எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற கணக்கு. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமை.

இனி மாஸ்க். ரிப்போர்ட்டைக் காட்டிக் கடைக்காரர் கொடுப்பதை வாங்கி வந்துவிடாதீர்கள். இங்கே முதல் கேள்வி, மாட்டிக்கொள்பவரே கையைத் தூக்கி அதைக் கழற்ற முடியுமா என்பதுதான். முடியாதவருக்கு மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க் ஆபத்து. நடு இரவில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும். அவருக்கு மூக்கு மாஸ்க்கே நல்லது. வாயால் மூச்சு விடுகிறார், வேறு வழியில்லை என்றால் கூப்பிடு தூரத்தில் ஆள் படுக்க வேண்டும், அவர் அழுத்தக்கூடிய மணியும் வேண்டும். விரல் பலம் குறைந்தவருக்குக் காந்தக் கொக்கி சுலபம். ஆனால் அவருக்கோ பக்கத்தில் படுப்பவருக்கோ பேஸ்மேக்கர், மூளை நீரை வடிக்கும் ஷன்ட் குழாய் போன்றவை இருந்தால் காந்தம் கூடாது. படுத்த நிலையில், மெஷினை ஓடவிட்டு அளவு பாருங்கள். உட்கார்ந்து பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். படுத்ததும் கன்னம் சரிந்து காற்று ஒழுகும். ஒழுகுகிறதே என்று பட்டையை இறுக்க இறுக்க, மூக்குத்தண்டில் புண்தான் வரும்.

முதல் வாரம் பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகட்டும். பிறகு இரவில், அழுத்தத்தை மெதுவாக ஏற்றும் ராம்ப் வசதியைப் போட்டு. காலையில் வாய் காய்ந்திருந்தால் வாய் வழியே காற்று போகிறது என்று அர்த்தம். வயிறு உப்பினால் டாக்டரிடம் சொல்லுங்கள், அழுத்தத்தை நீங்களாக மாற்ற வேண்டாம். நாற்காலியிலேயே கண்ணயர்ந்தால் தாடை நெஞ்சில் படிந்து மூச்சு அடைக்கும்; பகல் தூக்கத்துக்கும் மாஸ்க் உண்டு.

தண்ணீர் விஷயம் நம் மாவட்டங்களில் கொஞ்சம் பெரியது. ஃப்ளோரைடுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்த மண் இது. போர்வெல் தண்ணீரை, காற்றை ஈரமாக்க மெஷினில் உள்ள ஈரப்பதத் தொட்டியில் ஊற்றினால் சில நாளிலேயே வெள்ளைப் படிவு பிடிக்கும். மருந்துக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். பேட்டரித் தண்ணீர் வேண்டாம். தொட்டியைத் தினமும் காலி செய்து கழுவி, வாரம் ஒருமுறை ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்து அலசுங்கள். மெஷின், படுத்திருப்பவரின் தலை மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். தளி, தேன்கனிக்கோட்டைக் குளிரில் குழாய்க்குள் நீர் கோத்து முகத்தில் சொட்டும்; குழாயைத் துணியால் சுற்றினால் குறையும். கொசுவர்த்தி, சாம்பிராணி அந்த அறையில் கூடவே கூடாது. அந்தப் புகையைத்தான் மெஷின் இழுத்து உள்ளே அனுப்பும்.

கரண்ட் போகும் ஊர் என்றால் சைன் வேவ் இன்வெர்ட்டர் வையுங்கள். பேட்டரியில் ஓடும்போது ஈரப்பதச் சூட்டை அணைத்தால் அதிக நேரம் தாங்கும்.

மறுபரிசோதனைக்கு மெஷினையும் அதன் மெமரி கார்டையும் எடுத்துப் போங்கள். காரில் வைக்கும் முன் தொட்டியைக் கழற்றிக் காலி செய்துவிடுங்கள். தண்ணீரோடு வைத்தால் முதல் வேகத்தடையிலேயே அது மோட்டாருக்குள் போய்விடும்.