கழற்றியதுதான் கழற்றினோம்: பழைய பாக்ஸ்டருக்குப் பெரிய சர்வீஸ் செய்யுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்னுடைய பழைய போர்ஷே பாக்ஸ்டரின், அதாவது கூரை மடிக்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் காரின், கியர்பாக்ஸ் ஏழு மாத இடைவெளியில் இரண்டு முறை தரையிறங்கியிருக்கிறது. முதல் முறை, கிளட்ச் தேய்ந்துபோனதற்காக. இரண்டாம் முறை, கிளட்சுக்கு நேர் பின்னால் இருக்கும் ஆயில் சீல் ஒழுகியதற்காக. சீலின் விலை இரண்டு பேர் ஓட்டலில் சாப்பிடும் காசு. அதை எட்டித் தொடுவதற்குக் கொடுத்த கூலி, கிளட்சுக்குக் கொடுத்த அதே முழுக் கூலி. பட்டறைக்காரரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கிளட்சை மாற்றச் சொன்னேன், மாற்றிக் கொடுத்தார்.

போர்ஷே நிறுவனம் 986 என்ற உட்பெயர் கொண்ட பாக்ஸ்டரை 1996இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டு, அதே நிறுவனத்தின் 911 கார் வரிசையில் முதன்முதலாக நீரால் குளிரூட்டப்படும் எஞ்சினோடு 996 வந்தது. இரண்டிலும் இருப்பது எம்96 என்ற ஒரே குடும்பத்து எஞ்சின். பக்கத்துக்கு மூன்றாக ஆறு சிலிண்டர்கள் படுத்த வாக்கில் இருக்கும். என்னுடையது 2002ஆம் ஆண்டின் பாக்ஸ்டர் எஸ், 3.2 லிட்டர். இன்று இங்கிலாந்தில் இந்தக் காரைச் சாதாரணச் சிறிய காரின் விலைக்கு வாங்கிவிடலாம். இறங்கியது காரின் விலை மட்டும்தான், உதிரிப்பாகமும் கூலியும் போர்ஷே விலையிலேயே நிற்கின்றன என்பது முதல் பெரிய பில் கைக்கு வரும்போதுதான் உறைக்கும்.

இரண்டு முறை காசு கொடுத்துக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். பெரிய சர்வீஸைக் கதவு கதவாகத் திட்டமிட வேண்டும். கியர்பாக்ஸை இறக்குவது ஒரு கதவு. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டை வடிப்பது இன்னொன்று. முன்பக்க பம்பரைக் கழற்றுவது மூன்றாவது. கதவைத் திறக்கத்தான் பெரும்பணம். திறந்தபின் கைக்கெட்டும் பொருள்களை மாற்றுவதற்கு ஆவது அதில் சிறு பங்கு. கிளட்ச் ஒரு வரி, சீல் ஒரு வரி, பம்பு ஒரு வரி என்று எழுதிய பட்டியலில் எது எதற்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்பது தெரியாது. என் முதல் பட்டியல் அப்படித்தான் இருந்தது.

"ஓடவே இல்லை" என்ற ஆறுதல்

மைல் கணக்கை மட்டும் பார்த்துத் திட்டமிடுவது பலரும் செய்யும் தவறு. இருபது ஆண்டுக் காரை "முப்பதாயிரம் மைல்தான் ஓடியிருக்கிறது" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பயம் வரும். ரப்பர் சீலும் பிளாஸ்டிக் தொட்டியும் ஓடாமல் நின்றாலும் மூப்படையும். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு ஆண்டுக்கொரு முறை மாற்றியாக வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருப்பார்கள். 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பள்ளம் புதிதுபோல் இருந்தாலும் அந்த ரப்பர் இறுகியிருக்கும். கடைத்தெருவுக்குப் போய்த் திரும்புவதோடு நின்றுவிடும் காரில் எஞ்சின் முழுச்சூடு ஏறுவதில்லை. ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போகாமல் ஆயிலிலேயே தங்கிவிடும். ஆகவே பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே கடைசியாக மாற்றிய ஆண்டை எழுதுங்கள். ஆண்டு தெரியாவிட்டால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்காமலே பட்டியல் போடுவது

காசு போடுமுன் எஞ்சின் காசு போடத் தக்கதுதானா என்று பார்க்க வேண்டும். இதற்கு மலிவான சாட்சி ஆயில் ஃபில்டர். இந்த எஞ்சினில் அது அடியில், ஒரு கறுப்பு பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் இருக்கும் காகித உருளை. ஆயில் மாற்றும்போது அதைக் குப்பையில் போடாமல் வாங்கிக்கொள்ளுங்கள். இரு முனைகளையும் கூரான கத்தியால் அறுத்து, காகிதத்தின் மடிப்புகளை வெள்ளைத் தாள்மேல் விசிறிபோல் விரித்து, ஓர் இரவு ஆயில் வடிய விடுங்கள். காலையில் வெயிலில் வைத்து மடிப்பு மடிப்பாகப் பாருங்கள். பழுப்பு நிறப் பிளாஸ்டிக் துணுக்குகள் கிடந்தால் டைமிங் செயின் உரசியோடும் வழித்தகடு தேய்கிறது. கறுப்பு ரப்பர் இழைகள் ஏதோ ஒரு சீலிலிருந்து வந்தவை. மினுமினுப்பு தெரிந்தால் காந்தத்தைக் கொண்டு போங்கள்: ஒட்டினால் இரும்பு, பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும், ஒட்டாவிட்டால் அலுமினியம் போன்ற வேறு உலோகம். ஒன்றிரண்டு பொடி எல்லாப் பழைய எஞ்சினிலும் இருக்கும். விரலில் நெருடும் அளவுக்கு இருந்தால் கிளட்ச், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு முதலில் எஞ்சினைக் கவனியுங்கள்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றும் நாளில், அந்தத் துளை வழியே மெல்லிய கேமராவை விட்டு சிலிண்டர் சுவரையும் பார்த்துவிடலாம். பிற்காலத்துப் பெரிய எஞ்சின்களில், குறிப்பாக 3.6, 3.8 லிட்டர்களில், சுவரில் நெடுக்குக் கீறல் விழும் நோய் உண்டு. கீறல் விழுந்த எஞ்சினுக்குப் புது கிளட்ச் போடுவது பிணத்துக்குப் பட்டு கட்டுவது போல.

இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி. ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. என்ற வாகனத் தகுதிச் சோதனையின் முடிவுகளை அரசின் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து இலவசமாகப் பார்க்கலாம். தேர்ச்சியா தோல்வியா என்பதோடு, பரிசோதகர் எழுதிய எச்சரிக்கைக் குறிப்புகளும் இருக்கும். என் காருக்கு மூன்று ஆண்டு தொடர்ச்சியாக "பின்பக்க பிரேக் குழாயில் துரு" என்று எழுதியிருந்தது. நான் அதைப் படித்தது இரண்டாம் முறை கியர்பாக்ஸ் இறங்கிய பிறகு. அந்தக் குழாய்கள் கியர்பாக்ஸுக்கு மேலேதான் ஓடுகின்றன. அதை இறக்கிய நிலையில் குழாய் மாற்றுவது சுலபமான வேலை. ஏற்றிய பிறகு கை நுழையாது. மூன்றாவது முறை இறக்காமல் தப்பியது என் அதிர்ஷ்டம்.

கியர்பாக்ஸ் இறங்கும்போது

இந்தக் கதவுக்குப் பின்னால்தான் இந்தக் காரின் பேர்போன பயம் இருக்கிறது. எஞ்சினுக்குள், பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்க்‌ஷாஃப்டுக்குக் கீழே ஓர் இடைத்தண்டு உண்டு. கிராங்க் அதைச் செயின் மூலம் சுழற்றும். இடைத்தண்டு, வால்வுகளைத் திறந்து மூடும் இருபக்கத்துக் கேம்‌ஷாஃப்டுகளையும் செயின் மூலம் சுழற்றும். தண்டின் ஒரு முனை, கியர்பாக்ஸ் பக்கம், கிரீஸ் அடைத்து மூடிய பால் பேரிங்கில் உட்கார்ந்திருக்கிறது. ஆண்டுகள் போகப் போக சீல் தளர்ந்து, உள்ளே கசியும் ஆயில் கிரீஸைக் கழுவிவிடும். கிரீஸ் செய்த வேலையைச் செய்யும் அளவுக்கு ஆயில் ஓட்டமும் அங்கே கிடையாது. பேரிங் நொறுங்கினால் தண்டு ஆடும், செயின் பல் தாவும், வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அமெரிக்காவில் உரிமையாளர்கள் தொடுத்த குழு வழக்கு 2013இல் சமரசத்தில் முடிந்தது. 2001 மே முதல் 2005 பிப்ரவரி வரை தயாரான பாக்ஸ்டர், 911 கார்களைப் பற்றியது அது.

இங்கே நடக்கும் முதல் தவறு, பேரிங்கை முன்கூட்டியே வாங்கி வைப்பது. தொடக்ககாலக் கார்களில் இரண்டு வரிசைக் குண்டுகள் கொண்ட பேரிங். சுமார் 2000க்குப் பிறகு ஒற்றை வரிசை; அதிகம் உடைந்தது இதுதான். சுமார் 2005இலிருந்து அளவில் பெரிய பேரிங்; எஞ்சின் உடலையே இரண்டாகப் பிளக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. மாறுகாலத்துக் கார்களில் எது இருக்கிறது என்பது கியர்பாக்ஸை இறக்கி, மூடித்தகட்டின் நடுவில் இருக்கும் நட்டைப் பார்த்தால்தான் உறுதி. சிறிய நட்டு என்றால் மாற்றக்கூடிய பேரிங், பெரிய நட்டு என்றால் மாற்ற முடியாதது. பெரியதாக இருந்தால், அதன் வெளிப்புற சீலை மட்டும் எடுத்துவிட்டு எஞ்சின் ஆயிலே அதை நனைக்கும்படி விடுவது பல மெக்கானிக்குகளின் வழக்கம். 1999, 2000, 2001 கார் வைத்திருப்பவர்கள் ஒற்றை வரிசை, இரட்டை வரிசை இரண்டு பேரிங்கையும் கையிருப்பில் வைத்திருக்கும் பட்டறையைத் தேடுவது நல்லது. இல்லாவிட்டால் கார் லிஃப்டின்மேல் தொங்கிக்கொண்டிருக்க, தபாலுக்குக் காத்திருப்பீர்கள்.

அடுத்த தவறு, இதைக் கிளட்ச் வேலையின் பின்னொட்டாக நினைத்து, செய்து பழகாதவரிடம் கொடுப்பது. மூடித்தகட்டைத் தொடுமுன் கிராங்கைப் பூட்ட வேண்டும், கேம்‌ஷாஃப்டையும் பிடித்து நிறுத்த வேண்டும், செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர்களைத் தளர்த்த வேண்டும். இதில் ஒன்றை விட்டாலும் தண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து டைமிங் குலையும். எந்த விபத்தைத் தடுக்கக் காசு கொடுத்தோமோ அதையே காசு கொடுத்து வாங்கியதாகும். "கிராங்கையும் கேமையும் எப்படிப் பூட்டுவீர்கள்?" என்று போனிலேயே கேளுங்கள். செய்து பழகியவர் உற்சாகமாக ஐந்து நிமிடம் பேசுவார். மற்றவர் "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்பார்.

இதே கதவுக்குள் மற்றவையும் உண்டு: என்னைப் பதம்பார்த்த கிராங்க் ஆயில் சீல், கிளட்ச், அது அழுந்தும் கனச் சக்கரமான ஃப்ளைவீல். ஃப்ளைவீல் போல்ட்டுகளை இறுக்கும்போதே அவை நீண்டுவிடும். பழையதையே மறுபடி போடக் கூடாது. ஃப்ளைவீல் இரு தட்டுகளாலானது. கையால் திருகிப்பார்த்து ஆட்டம் அதிகமிருந்தால் மாற்ற வேண்டும், அதன் விலை கிளட்சைவிட அதிகம். எஸ்டிமேட்டில் அது பெரும்பாலும் இருக்காது. "ஃப்ளைவீலும் போனால் எவ்வளவு?" என்று தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

என் காரிலிருந்து எடுத்த பழைய பேரிங் மேசைமேல் காகிதம் பறக்காமலிருக்கக் கிடக்கிறது. கிரீஸ் சுத்தமாகப் போய்விட்டது. விரலால் சுழற்றினால் இன்னும் வழுவழுவென்று சுற்றுகிறது. பெரும்பாலான கார்களில் இது உடைவதில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆகவே இதற்காகவே கியர்பாக்ஸை இறக்கு என்று நான் யாரையும் விரட்ட மாட்டேன். கிளட்சுக்காக இறங்கும் நாளில் விட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான்.

கூலண்ட், பம்பர், கூரை

தண்ணீர் பம்பின் உள்விசிறி பிளாஸ்டிக். உடைந்தால் துணுக்குகள் எஞ்சினின் நீர்வழிகளில் போய் ஒளிந்துகொள்ளும். இரும்பு விசிறி வைத்த பம்பு போட்டால் நிம்மதி என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை: பம்பின் பேரிங் தளர்ந்தால் அந்த விசிறி எஞ்சின் உடலையே ராவிவிடும். பிளாஸ்டிக்கையே போட்டு, உடையும்வரை காத்திராமல் ஐந்தாறு ஆண்டில் மாற்றிவிடுவேன். அப்போதே தெர்மோஸ்டாட்டும் பழைய குழாய்களும். பாக்ஸ்டரின் கூலண்ட் தொட்டி பின்பக்க டிக்கியில் இருக்கிறது. டிக்கிக் கம்பளம் ஈரமாக, லேசான இனிப்பு வாடையோடு இருந்தால் தொட்டியில் விரிசல். இந்தக் கார் 15 லிட்டருக்கு மேல் கூலண்ட் குடிக்கும். ஆண்டுக்கொரு பொருளுக்காக வடித்து வடித்து நிரப்புவது வீண்.

முன்பக்க பம்பரைக் கழற்றினால் ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவே இலைச்சருகு மூட்டையாகக் கிடக்கும். ஈரத்தோடு கிடந்து இரண்டையும் அரிக்கிறது. என் காரில் அரைவாளி எடுத்தோம்.

எஞ்சினையே நினைத்துக் கூரையை மறப்பதும் உண்டு. மடிப்புக் கூரையின் மழைநீர் வடிகால்கள் அடைத்தால் தண்ணீர் காருக்குள் இறங்கும். இருக்கைக்குக் கீழே இருக்கும் திருட்டுத் தடுப்புப் பெட்டி நனைந்தால் கார் பூட்டைத் திறக்க மறுக்கும், ஸ்டார்ட் ஆகாது. வடிகாலைச் சுத்தம் செய்யக் கால்மணி நேரம் போதும், செலவே இல்லை. அந்தப் பெட்டிக்கு ஆகும் செலவைக் கேட்டால் மயக்கம் வரும்.

எங்கே நிறுத்துவது

இவ்வளவும் படித்தவர் செய்யக்கூடிய தவறு, எதிர்த் திசையில் ஓடுவது. "கழற்றியதுதான் கழற்றினோம்" என்று தொடங்கினால் அந்த வாக்கியத்துக்கு முடிவே கிடையாது. ஆறு இக்னிஷன் காயில்களையும் மாற்றிவிடலாமே, எஞ்சின் மவுண்டையும் போட்டுவிடலாமே என்று பில் காரின் விலையைத் தாண்டிவிடும். நான் இப்போது வைத்திருக்கும் கணக்கு இது: இன்று விட்டால் நாளை அதே கதவை மறுபடி திறக்க வேண்டுமா? ஆம் என்றால் இன்றே. காயில், பிளக், ஆயில் பிரிப்பான் எல்லாம் வேறு வழியாக எட்டக்கூடியவை. அவை தங்கள் முறை வரும்வரை காத்திருக்கட்டும். நன்றாக ஓடும் அசல் பாகத்தை எடுத்துவிட்டு, மலிவாகக் கிடைத்த புதுப் பாகத்தைப் போடுவது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் படுகிறது.

காலமும் முக்கியம். வெயில் தலைகாட்டும் ஏப்ரலில்தான் எல்லோருக்கும் திறந்த கார் நினைவுக்கு வரும். ஜெர்மனியில் பலர் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மட்டும் செல்லும் பருவகால நம்பர் பலகை வைத்திருக்கிறார்கள். அங்கும் இதே நெரிசல்தான். நவம்பரில் காரைக் கொண்டுபோய் விடுங்கள். பட்டறைக்கு அவசரமில்லை, பாகம் வர மூன்று வாரம் ஆனாலும் உங்களுக்கும் நஷ்டமில்லை.

கார் திரும்பி வந்ததும் நெடும்பயணம் கிளம்ப வேண்டாம். கூலண்ட் வழிகளில் காற்று தங்கியிருக்கலாம். முதல் சில நாள் எஞ்சின் ஆறியபின் தொட்டியின் அளவைப் பாருங்கள், கொஞ்சம் இறங்கும், நிரப்புங்கள். இரவில் காருக்கடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். புதுப் பேரிங் போட்டிருந்தால் ஆயிரம் மைலுக்குள் ஆயிலை மாற்றி, அந்த ஃபில்டரையும் அறுத்துப் பாருங்கள்.