முள்ளு எங்க விழுதுன்னு பாத்து கியர் மாத்துங்க: ஹை ரெவ் இன்ஜின் ஓட்டுறது எப்படி

8000, 9000 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு இத்தன சுத்து) சுத்துற இன்ஜின் உள்ள கார முதல் தடவ ஓட்டுறவங்க நிறைய பேரு சொல்றது, "பேருதான் பெரிய பேரு, மிதிச்சா இழுக்கவே மாட்டேங்குதே"ன்னு. இழுக்கும்ங்க, ஆனா டர்போ டீசல் ஓட்டி பழகுன காலு 3500லயே அடுத்த கியருக்கு போயிடும், அங்க இந்த இன்ஜின்கிட்ட ஒன்னும் இருக்காது. எந்த ஆர்பிஎம்ல மாத்துறீங்கங்கறத விட, மாத்துன பிறகு ஆர்பிஎம் மீட்டர் முள்ளு எங்க வந்து விழுதுங்கறதுதான் முக்கியம். அத சொல்றது கியர் ரேஷியோ, அதாவது கியர்பாக்ஸ்லேந்து வெளிய வர்ற தண்டு ஒரு சுத்து சுத்த இன்ஜின் எத்தன சுத்து சுத்தணும்ங்கற கணக்கு.

ஹோண்டா எஸ்2000 வச்சே பாப்போம், 1999ல வந்த முதல் மாடல். 2 லிட்டர், டர்போ கிடையாது, ரெட்லைன் (இன்ஜின் தாண்டக்கூடாத ஆர்பிஎம்) 9000. சுமார் 6000ல விடெக் (வால்வு திறக்கற அளவ மாத்தற ஹோண்டா சிஸ்டம்) மாறி, வால்வ தள்ளற கேம்ல பெரிய லோபுக்கு (மேடுக்கு) போகும், வால்வு அதிகமா திறக்கும், சத்தமே வேற மாதிரி ஆயிடும். உச்ச பவர் 8300ல. கியர் ரேஷியோ 1லேந்து 6 வரைக்கும் 3.133, 2.045, 1.481, 1.161, 0.970, 0.810.

இப்ப கணக்கு ரொம்ப சிம்பிள். மாத்துற ஆர்பிஎம்ம அடுத்த கியர் ரேஷியோவால பெருக்கி, இப்ப இருக்கற கியர் ரேஷியோவால வகுங்க. 9000ல ஃபர்ஸ்ட்லேந்து செகண்ட் போட்டா 5875க்கு, கிட்டத்தட்ட விடெக் மாறற இடத்துக்கே விழும். செகண்ட்லேந்து தேர்டு 6518, தேர்டுலேந்து ஃபோர்த் 7055, அதுக்கு மேல ரெண்டு ஷிஃப்டும் 7500 பக்கத்துல. மேல போகப்போக கியர் நெருக்கமா வச்சிருக்காங்க பாருங்க, ஏன்னா வேகம் கூடக்கூட காத்து தடுக்கறது எக்கச்சக்கமா கூடும், அங்க ஆர்பிஎம் நிறைய விழுந்தா வண்டி திணறிடும்.

இதே ஷிஃப்ட பயந்துகிட்டு 8000ல பண்ணா? ஃபர்ஸ்ட்லேந்து செகண்ட் 5222, செகண்ட்லேந்து தேர்டு 5794. ரெண்டுமே விடெக்குக்கு கீழ, திரும்ப ஏறி வர்ற வரைக்கும் சாதா இன்ஜின் மாதிரிதான் போவும். அந்த கடைசி 1000 ஆர்பிஎம் சத்தம் கேக்கறதுக்கு மட்டும் குடுக்கல.

சிலர் கேப்பாங்க, டார்க் (இன்ஜின் சுத்தற விசை) 7500லயே உச்சத்துக்கு வந்துடுதே, அதுக்கு மேல குறைய ஆரம்பிக்குதே, அப்ப அங்கயே மாத்தினா என்னன்னு. இன்ஜின் டார்க்க பாக்காதீங்க, சக்கரத்துக்கு வர்ற டார்க்க பாருங்க. ஃபைனல் டிரைவ் (கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கற கடைசி கியர்) 4.10, அது போக இந்த வண்டில 1.160ன்னு இன்னொரு ரிடக்ஷன் இருக்கு (இத விட்டுட்டு கணக்கு போட்டு வேகம் தப்பா வருதுன்னு முழிக்கறவங்க உண்டு). எல்லாத்தையும் பெருக்கினா செகண்ட்ல மொத்தம் 9.73, தேர்டுல 7.04. உச்ச டார்க் 208 நியூட்டன் மீட்டர், தேர்டுல அது சக்கரத்துல 1465 ஆகும். செகண்ட்லயே இருந்து மேல ஏத்தி டார்க் 20 சதவீதம் குறைஞ்சாக்கூட 1618 வருது. அதனால கீழ் கியர்லயே ரெட்லைன் வரைக்கும் இருக்கறதுதான் லாபம், ரெவ் லிமிட்டர்ல (ரெட்லைன் தாண்டாம பெட்ரோல நிறுத்தற சிஸ்டம்) போய் இடிக்காம 200, 300 ஆர்பிஎம் முன்னாடியே கைய கியர் மேல வச்சுக்கோங்க.

வேகம் தெரியணும்னா ஆர்பிஎம்ம மொத்த ரேஷியோவால வகுத்து டயர் சுற்றளவால பெருக்குங்க, நிமிஷத்துக்கு எத்தன மீட்டர்னு வரும், அத 0.06ஆல பெருக்கினா மணிக்கு எத்தன கிமீன்னு தெரியும். பின் டயர் 225/50 16 இன்ச், சுற்றளவு கிட்டத்தட்ட 1.98 மீட்டர். செகண்ட்ல 9000 போனா 110 கிமீ வேகம். செகண்ட்லயே 110ங்க, அதனால இந்த வித்தையெல்லாம் ரேஸ் டிராக்ல மட்டும்தான், ரோட்டுல வேணாம்.

டவுன்ஷிஃப்ட்ல கணக்கு தலகீழ். ஃபோர்த்ல 6000ல இருக்கும்போது தேர்டு போட்டா இன்ஜின் 7650க்கு ஏறியாகணும். கிளட்ச் மிதிச்சிருக்கும்போதே ஆக்ஸிலேட்டர ஒரு தட்டு தட்டி அங்க ஏத்திட்டு கிளட்ச விடுங்க. தட்டாம விட்டா சக்கரம்தான் இன்ஜின இழுத்து ஏத்தணும், பின் சக்கர டிரைவ்ல வளைவுக்குள்ள இது நடந்தா பின்பக்கம் வழுக்கி வண்டி திரும்பிடும். பிரேக், டவுன்ஷிஃப்ட் எல்லாம் வளைவுக்கு முன்னாடி நேர் ரோட்டுலயே முடிச்சிடணும்.

இதுல உயிர எடுக்கற தப்பு ஒன்னு இருக்கு. தேர்டுல 9000 போய் ஃபோர்த் போடறேன்னு கை தவறி செகண்ட்ல விழுந்தா இன்ஜின் 12,400க்கு மேல போகும். ரெவ் லிமிட்டர் பெட்ரோலத்தான் நிறுத்தும், சக்கரம் இன்ஜின சுத்தறத அதால நிறுத்த முடியாது. ஸ்பிரிங் வால்வ நேரத்துக்கு மூட முடியாம வால்வு பிஸ்டன்ல இடிக்கும், அதோட இன்ஜின் காலி. லீவர இறுக்கி பிடிச்சு இழுக்காதீங்க, உள்ளங்கைய திறந்து வச்சு நேரா கீழ இழுங்க, நியூட்ரல் ஸ்பிரிங் தானா நடுவுக்கு கொண்டு வந்துடும்.

ஃபைனல் டிரைவ் மாத்தலாமான்னு கேப்பாங்க. 4.10ஐ 4.44 ஆக்கினா எல்லா கியர்லயும் 8 சதவீதம் கூடுதல் இழுப்பு, ஆனா செகண்ட் 110க்கு பதிலா 102லயே முடிஞ்சிடும், சிக்ஸ்த்ல 100 கிமீல போறப்ப 3240 இருந்தது 3500 ஆயிடும், தினமும் தூரம் போறவங்களுக்கு தலவலி. ஷிஃப்டுக்கு அப்புறம் முள்ளு விழற இடம் மட்டும் கொஞ்சமும் மாறாது, ஏன்னா கியருக்கு கியர் இருக்கற விகிதம் அப்படியேதான் இருக்கு. 8000ல மாத்தறவருக்கு ஃபைனல் டிரைவ் மாத்தினாலும் 5222தான். முதல்ல 9000 வரைக்கும் போய் பழகுங்க, அப்புறம் காச செலவு பண்றத பாக்கலாம்.

அதுக்கும் முன்னாடி ஆயில் சூடாகணும். டெம்பரேச்சர் மீட்டர் நடுவுக்கு வந்துடுச்சுன்னு மிதிக்காதீங்க, அது காட்டறது கூலன்ட், ஆயில் சூடாக அதுக்கு மேலயும் நேரம் ஆகும், அதுவரைக்கும் 4000 தாண்டாதீங்க. டிராக்ல ஓட்டிட்டு வந்தா டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பாக்கற கம்பி) எடுத்து பாருங்க, இவ்ளோ சுத்தற இன்ஜின் ஆயில் கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும்.