வில்லை மூட்டை கட்டி வைக்காதீர்கள்: டபுள் பேஸ் கலைஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜாஸ் பக்கம் வந்ததும் வில்லை மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். டபுள் பேஸ் என்னும் ஆளுயர வயலின் போன்ற கருவியைக் கற்பவர்கள் செய்யும் தவறுகளில் என்னை மிகவும் வருத்துவது இதுதான். ஜாஸில் பெரும்பாலும் விரலால் மீட்டுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் மீட்டிய சுரம் சீக்கிரம் தேய்ந்துவிடும். இடது கை விரல் இம்மியளவு விலகி விழுந்தாலும் காதுக்குப் பிடிபடாமல் போய்விடலாம். அதே சுரத்தை வில்லால் நான்கு எண்ணிக்கைக்கு நீட்டி இழுத்துப் பாருங்கள், விலகல் அப்பட்டமாகத் தெரியும். அதிரும் கம்பியின் நீளம் ஒரு மீட்டருக்கும் மேல். விரல் வைக்க வழிகாட்டும் மெட்டுகளும் கிடையாது. வில்தான் சுருதிக்குக் காவல். ஜாஸ் பேஸின் பெரும் ஆளுமையான சார்ல்ஸ் மிங்கஸ், நியூயார்க் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவில் தலைமை பேஸ் கலைஞராக இருந்த ஹெர்மன் ரைன்ஷாகனிடம் ஐந்து ஆண்டுகள் பயின்றவர்.

‘செவ்விசையில் தேறாதவர்தான் ஜாஸுக்குப் போவார்’ என்று நினைப்பது இன்னொரு தவறு. ஜாஸ் பேஸ் கலைஞர் ரான் கார்ட்டரின் வாழ்க்கை அதற்குப் பதில் சொல்கிறது. பத்து வயதில் செல்லோ தொடங்கிய அவர், பின்னர் பேஸுக்கு மாறி, 1959இல் ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் பட்டம் பெற்றார். சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராக்களின் கதவு அவருக்குத் திறக்காததற்குக் காரணம் வாசிப்பு அல்ல, அவருடைய தோலின் நிறம். 1963 முதல் 1968 வரை டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் குழுவுக்கு அடித்தளமாக இருந்தவர் அவர்தான். 2,221 ஒலிப்பதிவுகளில் வாசித்தவர் என்று 2015இல் கின்னஸ் பதிவு செய்தது. அத்தனை பதிவுகளுக்குப் பின்னால் இருப்பது செவ்விசைப் பயிற்சி பெற்ற கை.

கருவியை ஒரே அமைப்பில் வைத்துக்கொண்டு எல்லா இடத்துக்கும் போவதும் சரிவராது. ஆர்கெஸ்ட்ராவில் வில்லை அழுத்தி இழுக்கக் கம்பிகள் சற்று உயர்ந்து நிற்க வேண்டும். ஜாஸில் விரல் விரைந்து ஓட அவை தாழ்ந்திருப்பது வசதி. கம்பிகளைத் தாங்கும் குதிரையின் (பிரிட்ஜ்) கால்களில் உயரத்தை மாற்றும் திருகுச் சக்கரங்களைப் பொருத்திக்கொண்டால் பாதித் தொல்லை தீரும்.

மேடை நாடக இசையை இளப்பமாக நினைப்பவர்களிடம் எனக்குக் கோபமே வரும். நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குகளில் வாரத்துக்கு எட்டுக் காட்சிகள். பல நாடகங்களில் டபுள் பேஸையும் பேஸ் கிட்டாரையும் ஒருவரே மாற்றி மாற்றி வாசிக்க வேண்டும். ஒருவருக்குப் பதிலாக வருபவருக்குப் பெரும்பாலும் ஒத்திகையே கிடைக்காது. முந்தைய நாட்களில் வழக்கமாக வாசிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துவிட்டு, முதல் முறையே நிறைந்த அரங்கின் முன் வாசிக்க வேண்டும். நடிகர் வசனத்தை முடிக்கும்வரை இரண்டு அளவை (இசைத்தாளின் ‘பார்’) மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டிய இடங்கள் வரும். அப்போது தாளிலேயே கண் புதைந்திருந்தால் இசைக்குழுவை நடத்துபவரின் கையசைவு தப்பிவிடும், எல்லாரும் அடுத்த வரிக்குப் போன பிறகு பேஸ் மட்டும் பழைய இடத்தில் உருண்டுகொண்டிருக்கும்.

அந்த இசைத்தாளின் ஓரத்தில் வழக்கமாக வாசிப்பவர் பென்சிலால் குறித்து வைத்திருப்பார்: ‘இங்கே நிமிர்ந்து பார்’, ‘வில்லை எடு’, ‘கிட்டாருக்கு மாற நான்கு அளவுதான்’. உங்களுக்குத் தேவையில்லை என்று தோன்றினாலும் அவற்றை அழிக்காதீர்கள். நாளை இரவு அந்த நாற்காலியில் உட்காரப்போகிறவர் வேறொருவராக இருக்கலாம்.